பட்டறைப் பதில்கள்: பந்தய வண்டியும் பார வண்டியும்

கும்பகோணத்தில் 40 வருடத்துக்கு மேலாகப் பட்டறை நடத்திவரும் மூத்த மெக்கானிக், வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் வீட்டில் 2009-இல் வாங்கிய டீசல் இன்னோவா இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் 1924-ஆம் வருடத்து புகாட்டி டைப் 35 என்ற பந்தயக் கார் பற்றிப் படித்தேன். அதன் சக்தி ஏறக்குறைய 90 குதிரைத்திறன்தான். எங்கள் இன்னோவாவுக்கு 102. அப்படியென்றால் போட்டி வைத்தால் எங்கள் வண்டிதானே ஜெயிக்க வேண்டும்? அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்.
*கல்லூரி மாணவர், நன்னிலம்*

பதில்: தம்பி, அப்பா சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் ஒரே ஓர் எண்ணைச் சேர்த்திருந்தால் பதில் உங்களுக்கே கிடைத்திருக்கும். எடை.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுவார்கள். அந்தப் பந்தய வண்டியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இரண்டு சக்கரம், ஒரு அச்சு, ஏர்க்கால், சாரதி குந்த ஒரு துண்டுப் பலகை. ஒரு ஆள் தனியாகத் தூக்கித் திருப்பிவிடலாம். அதே ஜோடி மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து நெல் மூட்டை அடுக்கிய பார வண்டியில் பூட்டுங்கள். மாடு அதே மாடுதான். நடைதான் வேறு.

அந்த புகாட்டியின் எடை ஏறக்குறைய 750 கிலோ. 90 குதிரையை அதற்குப் பங்கு போட்டால் டன்னுக்கு 120 குதிரை வருகிறது. உங்கள் இன்னோவா காலியாக நின்றாலே 1,600 கிலோவுக்கு மேல். டன்னுக்கு 60 சொச்சம்தான். அதிலே அப்பா, அம்மா, அத்தை குடும்பம், பின்னால் இரண்டு பை, ஒரு அரிசி மூட்டை என்று ஏற்றிவிட்டால் 50-க்கும் கீழே இறங்கிவிடும். புகாட்டி மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி ஓடக்கூடியது. உங்கள் வண்டி 150-ஐத் தொடவே மூச்சு வாங்கும். அப்பா சிரித்தது இதற்குத்தான்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அந்தச் சக்தி எந்த வேகத்தில் சுழலும்போது வருகிறது என்று பாருங்கள். புகாட்டியில் இரண்டு லிட்டர் பெட்ரோல் என்ஜின், எட்டு சிலிண்டர் ஒரே வரிசையில். பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் அதன் கிராங்க் ஷாஃப்ட் பந்து, உருளை பேரிங்குகளில் ஓடியதால் நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை விரட்ட முடிந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சங்கதி. உங்கள் இரண்டரை லிட்டர் டீசல் முழுச் சக்தியையும் 3,600 சுற்றிலேயே கொடுத்துவிடும். இழுவிசை என்று எடுத்துக்கொண்டால் 1,400 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டர் வந்துவிடுகிறது. ஆற்றங்கரைச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஊர்ந்து போகிறீர்கள், இடைவெளி கிடைக்கிறது, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலே வண்டி எழும்பி முந்துகிறது இல்லையா? அந்தப் பந்தயக் காரை அப்படி ஊர விட்டால் பிளக்கில் கரி பிடித்து இருமத் தொடங்கிவிடும். என்ஜினைச் சூடேற்றுவதற்கு ஒரு செட் பிளக், ஓடுவதற்கு வேறு செட் பிளக் என்று மாற்றி மாட்டிய காலம் அது.

நிறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேரை இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வருவார்கள். ஆனால் சுமார் 300 டன் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான் காலம் காலமாக இருந்தது. இப்போது திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்திருக்கிறது. புகாட்டியின் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உண்டு, ஆனால் எல்லாம் கம்பி இழுவை. ஓட்டுகிறவன் கால் பலம்தான் பிரேக். உங்கள் இன்னோவாவில் முன்னால் டிஸ்க், காலுக்கு உதவி செய்ய பூஸ்டர். உங்கள் அம்மா செருப்புக் காலால் மிதித்தாலும் இரண்டு டன் வண்டி நிற்கிறது. அதை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

இன்னொன்று. அந்த புகாட்டி 1924 ஆகஸ்டில் பிரான்சின் லியோன் பந்தயத்தில்தான் முதன்முதலில் ஓடியது. அன்றைக்கு டயர் காலை வாரிவிட்டது. அதே ரகக் கார் அடுத்து 1925 முதல் 1929 வரை சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ மலைப்பாதைப் பந்தயத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் ஜெயித்தது. அதனால் உங்கள் இன்னோவாவின் டயரை இந்த வாரமே பாருங்கள். 2009 வண்டி என்கிறீர்கள், ஸ்டெப்னி எந்த வருடத்து டயர் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: 1970-களில் நான் ஓட்டிய பேருந்தில் டபுள் கிளட்ச் போட்டால்தான் கியர் விழும். பழைய ரேஸ் காரிலும் அப்படித்தானா?
*ஓய்வு பெற்ற ஓட்டுநர், மயிலாடுதுறை*

பதில்: அப்படியேதான் ஐயா. சுற்று வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோமெஷ் 1928-இல்தான் காரில் வந்தது. அதற்கு முந்தைய பந்தயக் கார்களில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு இழுத்து, விட்டு, ஒரு ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். பல கார்களில் கியர்க் கம்பியும் கைப்பிரேக்கும் காரின் உடம்புக்கு வெளியே இருக்கும், சிலவற்றில் ஆக்சிலேட்டர் நடுப் பெடலாக இருக்கும். நடுப் பெடல் மட்டும் உங்களைக் குழப்பும். மற்றபடி உங்கள் காதும் காலும் அந்தக் காரை ஓட்டிவிடும், இன்றைக்குப் புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையனால் முடியாது.

கேள்வி: நவக்கிரகக் கோயில் டூர் வேன் ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது கோயிலும் முடித்துத் திரும்ப இரவு ஆகிவிடும். ரேஸ் காரில் விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று ஒரு பயணி சொன்னார். உண்மையா? என் வேனுக்கும் நல்லதா?
*வேன் ஓட்டுநர், கும்பகோணம்*

பதில்: உண்மை. வேனுக்கு வேண்டவே வேண்டாம்.

நான் இருபது வயதில் சென்னையில் ஒரு பட்டறையில் தொழில் பழகினேன். பிப்ரவரி வந்தால் சோழவரம் பந்தயத்துக்குப் போவோம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. முதல் முறை போனபோது காருக்கு முன்னால் எனக்கு வாசனைதான் வந்து சேர்ந்தது. எங்கள் பாட்டி வலங்கைமான் வீட்டுக் கொல்லையில் ஆமணக்குக் கொட்டையை வறுத்து, இடித்து, பானையில் தண்ணீரோடு கொதிக்க வைத்து எண்ணெய் எடுப்பார். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுக்கும்போது வீடு பூராவும் ஒரு கனத்த வாசனை நிற்கும். அதே வாசனையை ஒரு மோட்டார் சைக்கிளின் புகையில் நுகர்ந்தேன். அந்த நிமிடம் எனக்கு இந்தத் தொழிலில் இருந்த பயம் போய்விட்டது. பாட்டி வீட்டுச் சாமான் இங்கேயும் இருக்கிறது என்று தோன்றியது.

விளக்கெண்ணெய் சூட்டில் நீர்த்து ஓடிவிடாது. காய்ந்த இரும்பிலும் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நல்ல மினரல் ஆயில் இல்லாத காலத்தில் பந்தய என்ஜினைக் காப்பாற்றியது அந்த ஒட்டும் குணம்தான். 1909-இல் வந்த காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. ஆனால் அதே ஒட்டும் குணம் நாள்பட்டால் பிசினாகப் படியும். பந்தயம் முடிந்தவுடன் சூடாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். மினரல் ஆயிலோடு சரியாகக் கலக்கவும் கலக்காது.

உங்கள் வேனில் என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இருக்கிறது. புகைபோக்கிக் காற்றின் வேகத்தில் சுழலும் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். அதன் பேரிங்குக்கு ஒரு மெல்லிய குழாய் வழியாக என்ஜின் ஆயில்தான் போகிறது. அந்தக் குழாயில் பிசின் படிந்தால் டர்போ போய்விடும். (புகாட்டியின் பிற்கால டைப் 35பி-யிலும் காற்றைத் திணிக்கும் கருவி உண்டு, ஆனால் அது என்ஜினோடு கோக்கப்பட்டு, என்ஜினின் சக்தியிலேயே பங்கு வாங்கிச் சுழன்றது.) நீங்கள் செய்ய வேண்டியது, கையேட்டில் சொன்ன ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவது. அப்புறம், ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயிலுக்கு வேகமாக வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். பயணிகள் இறங்கிச் செருப்பைக் கழற்றும் வரை என்ஜின் ஐடிலில் ஓடட்டும். டர்போவுக்கு அந்த நேரம் போதும்.

கேள்வி: பந்தயக் காரை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பிரித்து மாட்டுவார்களாமே. நம் வேனை ஏன் அப்படிக் கவனிப்பதில்லை?
*வாசகர், வலங்கைமான்*

பதில்: இரண்டையும் செய்தவர்களின் நோக்கமே வேறு. பந்தயக் கார் திறந்து பார்ப்பதற்காகவே செய்யப்பட்டது. டைப் 35-இன் சக்கரம் வார்ப்பு அலுமினியம், எட்டுப் பட்டை ஆரம், பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்தே வார்த்தது. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், பிரேக் ஷூ கண் முன்னால் நிற்கும். தேய்மானம் பார்க்கத் தனியாக எதையும் பிரிக்க வேண்டாம். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! 1920-களின் நடுப்பகுதி வரை கிராண்ட் பிரி கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து போனார். கையால் பம்ப் அடித்து எரிபொருள் அழுத்தத்தை ஏற்றுவது, ஆயில் அளவைப் பார்ப்பது, பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வது எல்லாம் அவர் வேலை. எல்கைப் பந்தயத்தில் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடி வரும் துணைச் சாரதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வேனில் துணைச் சாரதி கிடையாது. மாதக்கணக்கில் யாரும் அடியில் குனிந்து பார்க்காமலே ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். பேரிங்கை மூடிவிட்டார்கள், ரப்பர் உறை போட்டார்கள், கிரீஸ் அடிக்கும் இடத்தைக் குறைத்தார்கள். அது பெரிய சாதனை. ஆனால் நம் ஊருக்கு அது போதாது.

சில வருடம் முன்பு ஒரு மார்ச் மாதம். நீடாமங்கலம் சாலையிலிருந்து ஒருவர் போன் செய்தார், வண்டிக்குள் கருகல் நாற்றம் என்று. போய்ப் பார்த்தால் சாலை நெடுக உளுந்துச் செடி பரப்பியிருக்கிறது. வண்டிச் சக்கரம் ஏறி இறங்கி உளுந்து உதிரட்டும் என்று நம் ஆட்கள் பரப்புவது வழக்கம்தான். வண்டியின் அடியில் படுத்தேன். என்ஜின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றி உளுந்துக்கொடி பாய் முடைந்த மாதிரி இறுகிக்கொண்டிருக்கிறது. சைலன்சர் பக்கம் இருந்த கொத்து பழுப்பாகி நுனி கறுத்துவிட்டது. விரலால் தொட்டால் பொடிகிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். பக்கத்து வயலில் கதிர் அரிவாள் கடன் வாங்கி அறுத்து அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அறுவடைக் காலத்தில் வைக்கோலோ உளுந்தோ கிடக்கும் சாலையைத் தாண்டினால், அதன் மேலேயே நிறுத்தாதீர்கள். வெறும் தார் இருக்கும் இடம் வரை போய் ஓரங்கட்டி, குனிந்து அடியில் பாருங்கள். ஒரு நிமிட வேலை. விவசாயிகளையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது, களம் இல்லாத ஊரில் அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

கேள்வி: ஏழு பேர் உட்காரும் எங்கள் வண்டியில் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகள் வேளாங்கண்ணி போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை வாந்தி எடுக்கிறார்கள். அத்தனை வேகமாகப் போகிற ரேஸ் காரில் ஓட்டுபவருக்குத் தலை சுற்றாதா?
*இல்லத்தரசி, திருத்துறைப்பூண்டி*

பதில்: சுற்றாது அம்மா, ஏனென்றால் வளைவு வருவது அவருக்கு முன்பே தெரியும். கண் பார்க்கிறது, கை திருப்புகிறது, உடம்பு தயாராகிவிடுகிறது. அது மட்டுமில்லை, பழைய பந்தயக் காரில் ஓட்டுநர் பின்னச்சுக்குச் சற்று முன்னால் தாழ உட்கார்ந்திருப்பார். உங்கள் பிள்ளைகள் பின்னச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பேருந்தின் கடைசி சீட் எப்படித் தூக்கிப் போடும், அதே கதைதான். கண்ணுக்கு முன்னால் தெரிவது முன் சீட்டின் முதுகு மட்டும். காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது, வயிறு புரட்டுகிறது.

பிள்ளைகளை நடு வரிசைக்கு மாற்றுங்கள், பெரியவர்கள் இருவர் பின்னால் போகட்டும். சாலையைப் பார்த்து வரச் சொல்லுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள். டயர் காற்றையும் பாருங்கள், காலி வண்டிக்கு அடிக்கும் காற்றழுத்தம் வேறு, முழு ஆளுக்கு வேறு, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டும் இருக்கும்.

இதோடு நான் கேட்க விரும்பும் ஒன்று. பின் சீட்டில் பெல்ட் எங்கே இருக்கிறது? பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் பெல்ட் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. கவர் தைக்கிறவர் மேலேயே தைத்துவிடுகிறார், வீட்டில் யாரும் கேட்பதில்லை. 1920-களின் பந்தயக் காரில் பெல்ட் கிடையாது. மோதினால் எரிகிற வண்டியோடு கட்டுண்டு கிடப்பதைவிடத் தூக்கி எறியப்படுவதே மேல் என்று அவர்கள் நம்பினார்கள். அது தெரிந்தே போன ஆண்களின் கணக்கு. உங்கள் வண்டியில் இருப்பது குழந்தைகள். சட்டமும் பின் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம் என்கிறது. இன்றைக்கே கவரைப் பிரித்துக் கொக்கியை வெளியே எடுங்கள். பிளேடு ஒன்று போதும்.

கேள்வி: தாத்தாவின் 1956 கார் கொட்டகையில் கிடக்கிறது. அதை விண்டேஜ் கார் என்று சொல்லலாமா?
*வாசகர், பாபநாசம்*

பதில்: இங்கிலாந்தின் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் சங்கக் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்ததுதான் விண்டேஜ். நம் நாட்டில் 2021-இல் வந்த விதிப்படி, 50 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து ‘விஏ’ எழுத்துள்ள எண் வாங்கலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அதை எடுக்கக் கூடாது. முதலில் கொட்டகை ஒழுகாமல் பாருங்கள்.

கேள்வி: சோழவரம் பார்த்தவர் நீங்கள். ஒரு பழைய ரேஸ் கார், ஒரு குடும்ப வேன், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் எதை எடுப்பீர்கள்? நழுவாமல் சொல்லுங்கள்.
*வாசகி, தஞ்சாவூர்*

பதில்: வேன்.

ரேஸ் காரின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. சோழவரத்தில் என் வேலை புனலில் துணி கட்டிப் பெட்ரோல் வடிகட்டி ஊற்றுவதும் டயர் காற்றுப் பார்ப்பதும்தான். ஓர் என்ஜின் முழு மூச்சில் கடந்து போகும்போது நெஞ்செலும்பில் ஓர் அதிர்வு வரும். அதை இப்போது நினைத்தாலும் கை சிலிர்க்கிறது. அந்த ஓசையைக் கேட்டுத்தான் நான் மெக்கானிக் ஆனேன்.

ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மறுநாள் என் 2008 இன்னோவாவின் கடைசி வரிசை இருக்கைகளை இரண்டு பக்கமும் மடித்துக் கட்டினேன். 20 லிட்டர் தண்ணீர் கேன், பால் பவுடர், மெழுகுவத்தி, கொசுவத்தி, மரம் அறுக்கும் மெஷின், பட்டறையின் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றினோம். திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் சாலை எது, தோப்பு எது என்று தெரியவில்லை. தென்னை மரங்கள் வேரோடு குறுக்கே கிடந்தன. என் மகன் அறுப்பான், நான் வண்டியை நகர்த்துவேன், மறுபடி இறங்குவோம். தலைஞாயிறு பக்கம் ஒரு தெருவில் ஜெனரேட்டரை இறக்கி மோட்டாரோடு இணைத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். குழாயில் தண்ணீர் விழுந்ததும் ஒரு அம்மா குடத்தை வைக்காமல் முதலில் இரண்டு கையையும் நீட்டினார். திரும்பும்போது காலியான இடத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியையும் அவர் மாமியாரையும் படுக்கை விரித்து உட்கார வைத்து மன்னார்குடி வரை கொண்டுவந்து சேர்த்தோம். இப்படிப் பதினோரு நடை.

ஒரு நடையில் ஜெனரேட்டர் சாய்ந்து மண்ணெண்ணெய் தரை விரிப்பில் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டும் பார்த்தேன், வெயிலில் காய வைத்தும் பார்த்தேன். ஐப்பசி மழை பிடித்தால், பின் கதவைத் திறந்தவுடன் அந்த வாசனை இன்றைக்கும் வருகிறது. விரிப்பை நான் மாற்றவில்லை.